டோட்டோரோவைப் பின்னுவோம்: குரோஷா பொம்மைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜப்பானிய அனிமேஷன் படங்களில் வரும் விநோதப் பிராணிகளின் ஓரக்கோட்டை மட்டும் பென்சிலால் வரைந்து பாருங்கள். ஹயாவோ மியாசாகி 1988-இல் இயக்கிய படத்தின் டோட்டோரோ, மேலே குறுகிக் கீழே பருத்த ஒரு முட்டை. அதே படத்திலும், 2001-இல் வந்த ‘ஸ்பிரிட்டட் அவே’யிலும் கூட்டமாக ஓடித் திரியும் கரித்தூசிக் குட்டிகள், இரண்டு கண் வைத்த உருண்டைகள். 1997-இல் வந்த ‘பிரின்சஸ் மோனோனோகே’யில் தலையைச் சாய்த்துக் கடகடவென்று ஒலி எழுப்பும் கொடாமா, கோணலான ஓர் உருண்டையும் சின்ன உருளையும் சேர்ந்தது. கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோஷாவுக்கென்றே பிறந்த வடிவங்கள் இவை.

ஆனால் இவற்றைப் பின்னுகிறவர்களில் பலருக்குக் கடைசியில் கையில் நிற்பது ‘ஏதோ ஒரு சாம்பல் பூனை’. பின்னல் சுத்தமாக இருக்கும், எண்ணிக்கை சரியாக இருக்கும், டோட்டோரோ மட்டும் வந்திருக்காது. காரணம் பெரும்பாலும் கண்தான். ஒரு வரிசை மேலே போய்விட்டது, அல்லது இரண்டு கண்ணி (பின்னலில் விழும் ஒவ்வொரு தையல்) உள்ளே தள்ளி உட்கார்ந்துவிட்டது. அதனால் இந்த வழிகாட்டியில் பின்னலைச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு முகத்தையும் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். விடுமுறையில் எங்கள் தெருப் பிள்ளைகளோடு மொட்டைமாடியில் உட்கார்ந்து பின்னும்போது நான் அதிக நேரம் செலவழிப்பதும் அங்கேதான்.

என்னென்ன வேண்டும்

நூல்: முதல் பொம்மைக்குப் பால் காட்டன் என்ற மென்மையான பருத்திக் கலவை நூல் வாங்குங்கள். கடைகளில் 50 கிராம் உருண்டையாகக் கிடைக்கும். கண்ணி கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும், நம் ஊர்ப் புழுக்கத்தில் குழந்தை கட்டிப்பிடித்துத் தூங்கினாலும் உறுத்தாது. ஸ்வெட்டருக்கு வாங்கும் அக்ரிலிக் உல்லன் நூலும் ஆகும். விலை குறைவு, நிறங்கள் அதிகம். ஆனால் நாளாக ஆகப் பிசிறு கிளம்பி, மேலே சின்னச் சின்ன உருண்டைகள் திரளும். கரித்தூசிக் குட்டிக்கு அந்தப் பிசிறே அழகு, டோட்டோரோவுக்கு வேண்டாம்.

புதுச்சேரியில் நேரு வீதியையும் பெரிய மார்க்கெட்டையும் ஒட்டிய தையல் சாமான் கடைகளில் கேளுங்கள். “அண்ணா, பால் காட்டன் இருக்கா? சாம்பல் கலர் ரெண்டு, சந்தனக் கலர் ஒண்ணு” என்று நிறத்தோடு கேட்டால் வேலை சீக்கிரம் முடியும். கடலூர்க்காரர்களுக்குத் திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெரு போதும். ஒரே நிறத்தில் இரண்டு உருண்டை வாங்கினால் இரண்டையும் வெயிலில் பிடித்துப் பாருங்கள். சாயம் போட்ட தவணை வேறாக இருந்தால் கடை வெளிச்சத்தில் தெரியாத வித்தியாசம், பொம்மையின் இடுப்பில் கோடு போட்டதுபோல் தெரியும்.

ஊசி: 2.5 மி.மீ. குரோஷா ஊசி. நூல் உறையில் 3 அல்லது 3.5 மி.மீ. என்று அச்சிட்டிருந்தாலும் பொம்மைக்கு ஒரு படி சின்னதாகவே எடுங்கள். கண்ணிகளுக்கு இடையே சந்து விழுந்தால் உள்ளே இருக்கும் பஞ்சு வெள்ளையாக எட்டிப்பார்க்கும். கடற்கரை ஊரில் இருப்பவர்கள் அலுமினிய ஊசியாகப் பார்த்து வாங்குவது நல்லது. உப்புக் காற்றில் இரும்பு ஊசி துருப்பிடித்து, வெளிர் நூலில் பழுப்புக் கறை ஏற்றிவிடும். சுற்றை அடையாளம் வைக்க ஊக்கு குத்துகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். வேறு நிற நூல்துண்டு ஒன்றைக் கண்ணிகளுக்கு இடையே போட்டுவைத்தால் அந்த வேலை முடிந்தது.

பஞ்சு: தலையணைக் கடையில் ரெக்ரான் பஞ்சு என்று கேளுங்கள். வீட்டில் பழைய இலவம் பஞ்சுத் தலையணை இருந்தால் அதைப் பிரித்துப் போடத் தோன்றும். போடாதீர்கள். இலவம் பஞ்சின் இழை மிகக் குட்டை, வழவழப்பானது. கண்ணிச் சந்து வழியே கசிந்துகொண்டே இருக்கும், துவைத்தால் கட்டி தட்டும். பொம்மை உட்காரக் கனம் வேண்டும் என்று அரிசியோ பயறோ போடுவதும் கூடாது. ஐப்பசி அடைமழையின் ஈரத்தில் அது பூஞ்சை பிடிக்கும், பிறகு வண்டு வரும்.

இவை தவிர, மொட்டை முனையுள்ள உல்லன் ஊசி, கத்தரிக்கோல், குண்டூசி, 6 மி.மீ. கறுப்பு சேஃப்டி கண் (உள்ளே வாஷர் போட்டுப் பூட்டும் பிளாஸ்டிக் கண்) ஒரு ஜோடி. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு என்றால் பிளாஸ்டிக் கண்ணே வேண்டாம், கறுப்பு நூலால் கண்ணைத் தையுங்கள். சேஃப்டி என்று பெயர் இருந்தாலும், கடித்து இழுக்கிற குழந்தையிடம் அது வாஷரோடு பிடுங்கிக்கொண்டு வரலாம்.

ஒரே ஒரு தையல்

இந்தப் பொம்மைகளுக்குத் தெரிய வேண்டியது பெரும்பாலும் சிங்கிள் குரோஷே மட்டும். ஊசியை அடுத்த கண்ணிக்குள் விடுங்கள், நூலைப் பிடித்து வெளியே இழுங்கள். ஊசியில் இப்போது இரண்டு வளையம். மறுபடி நூலைப் பிடித்து இரண்டு வளையத்துக்குள்ளும் சேர்த்து இழுங்கள். முடிந்தது.

பாட்டி, அத்தை யாரிடமாவது கற்றவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரிட்டிஷ் வழக்கில் இதே தையலுக்கு ‘டபுள்’ என்று பெயர். இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான குறிப்புகள் அமெரிக்க வழக்கில் ‘சிங்கிள்’ என்கின்றன. கன்னிமடத்தில் பழைய புத்தகத்தை வைத்துப் படித்த கைக்குப் புதுக் குறிப்பு குழப்பமாகத் தெரிந்தால் இதுதான் விஷயம். இந்தக் கட்டுரையில் எல்லாம் அமெரிக்க வழக்கு.

முதலில் நூலை இழுக்கும் விதத்தில் இரண்டு வகை உண்டு. நூலை ஊசியின் மேலாகச் சுற்றி இழுத்தால் பின்னல் ‘வி’ வடிவில் விழும். ஊசியை நூலின் மேலே கொண்டுபோய்க் கொக்கியால் கீழ்நோக்கிப் பிடித்து இழுத்தால் பெருக்கல் குறி வடிவில் விழும். இரண்டாவது இறுக்கமானது, பஞ்சு தெரியாது, பொம்மை சற்றுச் சின்னதாகவும் வரும். என் ஓட்டு இரண்டாவதற்கே. எதை எடுத்தாலும் ஒரு பொம்மைக்குள் மாற்றாதீர்கள்; காது ஒரு மாதிரி, உடம்பு ஒரு மாதிரி என்று ஆகும்.

தொடக்கம் மேஜிக் ரிங். இடது கை ஆட்காட்டி விரலில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, அந்த வளையத்துக்குள் ஊசியை விட்டு நூலை இழுத்து, ஒரு செயின் (ஊசியில் இருக்கும் வளையத்துக்குள் நூலை ஒருமுறை இழுப்பது) போடுங்கள். வளையத்தை விரலிலிருந்து கழற்றி அதற்குள் 6 சிங்கிள் பின்னுங்கள். தொங்கும் நூல்வாலை இழுத்தால் நடுத்துளை மூடிக்கொள்ளும். வாலை விட்டுவிட்டு இன்னொரு பக்க நூலை இழுத்தால் எத்தனை இழுத்தாலும் மூடாது, பிள்ளைகள் திணறுவது அங்கேதான்.

இன்க்ரீஸ் என்றால் ஒரே கண்ணிக்குள் 2 சிங்கிள். டிக்ரீஸ் என்றால் இரண்டு கண்ணியை ஒன்றாக்குவது. அதை மேடு தெரியாமல் செய்ய ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு கண்ணியின் தலையிலும் இரண்டு இழை இருக்கும். ஒரு கண்ணியின் முன் இழையில் மட்டும் ஊசியை விடுங்கள், நூலைப் பிடிக்காமல் அப்படியே அடுத்த கண்ணியின் முன் இழையிலும் விடுங்கள். இப்போது நூலைப் பிடித்து இரண்டு முன் இழைகளுக்குள்ளும் இழுத்து, வழக்கமான சிங்கிளாக முடியுங்கள். முழுக் கண்ணியில் குறைத்தால் விழும் முடிச்சு இதில் விழாது.

சுற்றுகளை இணைக்க வேண்டாம், சுருளாகப் பின்னிக்கொண்டே போகலாம். சுற்று எங்கே தொடங்கியது என்பதை அடையாள நூல் சொல்லும்.

வடிவம் வருவது எப்படி

இந்த ஒரு கணக்கு புரிந்தால் எந்தக் குறிப்பையும் நம்பியிருக்க வேண்டாம். சுற்றுக்கு 6 கண்ணி கூட்டிக்கொண்டே போனால் தட்டையான வட்டம். கூட்டுவதை நிறுத்தினால் சுவர் எழும்பும். சுற்று விட்டுச் சுற்று கூட்டினால் கூம்பு. 6 குறைத்துக்கொண்டே வந்தால் வாய் மூடும். 6, 12, 18, 24, 30, 36: இது வாய்ப்பாடாக மனத்தில் நிற்க வேண்டும்.

“அக்கா, எனக்கு மட்டும் தட்டையா வராம தொப்பி மாதிரி மடங்கிக்கிட்டே போகுது” என்று ஒரு பெண் கேட்டாள். “எண்ணிச் சொல்லும்மா” என்றேன். நாலாம் சுற்றில் 24 இருக்க வேண்டிய இடத்தில் 21. கண்ணி குறைந்தால் மடங்கும். கூடினால் பாவாடை விளிம்பு அலையும். கண்ணி சரியாக இருந்தும் மடங்கினால் கை இறுக்கம், ஊசியை அரை மி.மீ. பெரிதாக்குங்கள்.

இன்க்ரீஸ்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வட்டம் ஆறுமூலையாகத் தெரியும். டோட்டோரோவின் தலையில் அந்த மூலை விழுந்தால் கண்ணை உறுத்தும். அதனால் 4-ஆம் சுற்றை (2 சிங்கிள், இன்க்ரீஸ்) × 6 என்று போடாமல், முதலில் 1 சிங்கிள், இன்க்ரீஸ்; பிறகு (2 சிங்கிள், இன்க்ரீஸ்) × 5; கடைசியில் 1 சிங்கிள் என்று போடுங்கள். கணக்கு அதே 24 தான், மூலை மறைந்துவிடும்.

கிண்ணமாக எழும்பத் தொடங்கியதும் எந்தப் பக்கம் வெளியே இருக்கிறது என்று பாருங்கள். நேர்ப்பக்கத்தில் கண்ணிகள் சீராக அடுக்கியிருக்கும். உள்பக்கத்தில் குட்டிக் குட்டிப் படுக்கைக் கோடுகள் தெரியும். கோடுகள் வெளியே இருந்தால் கிண்ணத்தைப் புரட்டிவிடுங்கள். ஊசி எப்போதும் வெளியிலிருந்து உள்ளே நுழைய வேண்டும்.

முதலில் ஒரு உருண்டை

கரித்தூசிக் குட்டி எளிது என்று பலர் அதில்தான் ஆரம்பிக்கச் சொல்வார்கள். வடிவம் எளிது, உண்மை. ஆனால் கறுப்பு நூலில் கண்ணி தெரியாது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் தேர்ந்த கைக்கே தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். இதே உருண்டையை முதலில் வெளிர் நிறத்தில் ஒன்று போட்டுப் பழகிவிட்டுக் கறுப்புக்கு வாருங்கள்.

சுற்று 1 முதல் 5 வரை: 6, 12, 18, 24, 30.
சுற்று 6 முதல் 10 வரை: கூட்டாமல் குறைக்காமல் 30.
சுற்று 11 முதல்: 24, 18. இங்கே நிறுத்திக் கண் வைத்துப் பஞ்சு அடையுங்கள்.
பிறகு 12, 6. நூலை வெட்டி, கடைசி 6 கண்ணிகளின் முன் இழைகளில் கோத்து இழுத்து மூடுங்கள்.

கறுப்பு அக்ரிலிக் நூலை விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, உருண்டை முழுக்க முடிச்சிட்டுத் தொங்கவிட்டு, ஒவ்வொரு துண்டையும் இழை பிரித்துப் பேன் சீப்பால் வாருங்கள். பிறகு கத்தரிக்கோலால் ஒழுங்கில்லாமல் வெட்டுங்கள். ஒழுங்காக வெட்டினால் தூசி போய்ப் பந்து ஆகிவிடும். கண் பெரிய வெள்ளை வட்டமாகவும், நடுவில் சின்னக் கறுப்புப் புள்ளியாகவும் இருக்க வேண்டும். இரண்டு கண்ணும் ஏறக்குறைய ஒட்டியே இருக்கட்டும். தள்ளி வைத்தால் அந்தத் திருதிரு விழிப்பு வராது.

டோட்டோரோ

உட்கார்ந்தால் ஏறத்தாழ 8 முதல் 10 செ.மீ. உயரம் வரும். சாம்பல் நிறம் ஒரு 50 கிராம் உருண்டையும், சந்தன நிறம் கொஞ்சமும் போதும். தலையும் உடம்பும் ஒரே துண்டு. டோட்டோரோவுக்குக் கழுத்து கிடையாது. தலையைத் தனியாகப் பின்னித் தைக்கும் குறிப்புகளை நான் ஒதுக்கிவிடுவேன்.

உடம்பு, உச்சந்தலையிலிருந்து (அடைப்புக்குள் இருக்கும் எண் அத்தனை சிங்கிள், வரியின் கடைசி எண் அந்தச் சுற்றின் மொத்தக் கண்ணி):
சுற்று 1: மேஜிக் ரிங்கில் 6
சுற்று 2: ஒவ்வொன்றிலும் இன்க்ரீஸ், 12
சுற்று 3: (1, இன்க்ரீஸ்) × 6, 18
சுற்று 4: 24, மேலே சொன்னபடி மூலை விழாமல்
சுற்று 5: (3, இன்க்ரீஸ்) × 6, 30
சுற்று 6–9: 30
சுற்று 10: (4, இன்க்ரீஸ்) × 6, 36
சுற்று 11–12: 36
சுற்று 13: (5, இன்க்ரீஸ்) × 6, 42
சுற்று 14–20: 42
சுற்று 21: (5, டிக்ரீஸ்) × 6, 36

இங்கே ஊசியை நிறுத்தி, வளையம் அவிழாமல் ஊக்கு போட்டுவைத்துவிட்டு முகத்துக்குப் போக வேண்டும். அதற்கு முன் மீதிச் சுற்றுகளையும் சொல்லிவிடுகிறேன்.

சுற்று 22: பின் இழையில் மட்டும் பின்னவும், (4, டிக்ரீஸ்) × 6, 30. இந்தச் சுற்றில் டிக்ரீஸையும் பின் இழைகளிலேயே போடுங்கள். பின் இழையில் பின்னுவதால் ஒரு விளிம்பு மடியும், அடிப்பக்கம் தட்டையாகும், பொம்மை சாயாமல் உட்காரும்.
சுற்று 23: (3, டிக்ரீஸ்) × 6, 24
சுற்று 24: (2, டிக்ரீஸ்) × 6, 18
சுற்று 25: (1, டிக்ரீஸ்) × 6, 12
சுற்று 26: டிக்ரீஸ் × 6, 6. மூடவும்.

காது இரண்டு: மேஜிக் ரிங்கில் 4, அடுத்து (1, இன்க்ரீஸ்) × 2, 6, ஒரு சுற்று 6, (2, இன்க்ரீஸ்) × 2, 8, இரண்டு சுற்று 8, (2, டிக்ரீஸ்) × 2, 6. பஞ்சு வேண்டாம். அடி குறுகி, நடு அகன்று, நுனி கூர்ந்து வரும். முக்கோணக் காது வைத்தால் பூனைதான் வரும்.

கை இரண்டு: 6, (2, இன்க்ரீஸ்) × 2, 8, ஐந்து சுற்று 8. வாயைத் தட்டையாக மடித்து இரண்டு பக்கக் கண்ணிகளையும் சேர்த்து 4 சிங்கிளில் மூடுங்கள்.

வால்: 6, 12, மூன்று சுற்று 12. பஞ்சு அடைத்துத் திறந்தபடி வையுங்கள்.

வயிறு, சந்தன நிறம்: 6, 12, 18, 24, 30 வரை தட்டை வட்டம், ஒரு ஸ்லிப் (கண்ணிக்குள்ளும் ஊசியில் உள்ள வளையத்துக்குள்ளும் ஒரே இழுப்பில் நூலை இழுப்பது) போட்டு, தைப்பதற்கு நீள வால் விட்டு வெட்டுங்கள். உடம்பில் தைக்கும் முன்பே சாம்பல் நூலால் வயிற்றுக் குறிகளைப் போட்டுவிடுங்கள். மேல்நோக்கிய அம்புமுனைபோல் ஒவ்வொன்றும், இரண்டு வரிசையாக. உடம்பில் தைத்த பிறகு இதைப் போட்டால் ஊசி பஞ்சுக்குள் போய்ப் போய்க் கை வலிக்கும்.

கண் உட்காரும் இடம்

வெள்ளை நூலில் மேஜிக் ரிங்கில் 6 சிங்கிள் போட்டு ஒரு ஸ்லிப்பில் முடித்தால் சின்ன வட்டு கிடைக்கும். அதன் நடுத்துளையில் கறுப்புக் கண்ணைச் செருகுங்கள். இப்படி இரண்டு. வாஷரை இன்னும் போடாதீர்கள். வாஷர் ஒருமுறை ஏறினால் இறங்காது.

உடம்புக்குள் தற்காலிகமாகப் பஞ்சு திணித்து, தலை உருண்டு நிற்கும்படி செய்யுங்கள். வெறும் துணிக்கிண்ணத்தில் வைத்துப் பார்க்கும் முகமும் பஞ்சு அடைத்த முகமும் வேறு வேறு. இப்போது கண்ணை 7-ஆம் சுற்றுக்கும் 8-ஆம் சுற்றுக்கும் நடுவில், இடையே 7 கண்ணி விட்டுச் செருகிப் பொம்மையைக் கைநீட்டும் தூரத்தில் நிறுத்திப் பாருங்கள். அகன்ற முகம், பக்கத்துக்கு ஒன்றாகக் கண், நடுவில் ஒரு பெரிய அமைதி. காட்டுக்குள் நெடுங்காலமாகத் தூங்கிக்கொண்டிருந்த ஒன்று விழித்து உங்களைப் பார்க்கும் பார்வை அது.

இப்போது கண் இரண்டையும் எடுத்து, இடைவெளியை 4 கண்ணியாக்குங்கள். உடனே யாரோ அதட்டியதுபோல் முகம் சுருங்கும். மறுபடி 7 கண்ணிக்கே வந்து, இந்த முறை ஒரு சுற்று கீழே இறக்குங்கள். நெற்றி பெரிதாகி, பொம்மை குட்டியாகிவிடும். இரண்டு சுற்று மேலே ஏற்றினால் தாடை நீண்டு முரட்டு ஆள் ஆகும். நூல் அதே, கண்ணி அதே, மாறியது இரண்டு பொத்தான் அளவு இடம். இந்தச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். குறிப்பில் எழுதியிருக்கும் எண் என் கை இறுக்கத்துக்கு வந்தது. உங்கள் கைக்கு அரைக் கண்ணி அப்படி இப்படி இருக்கும்.

சுருளாகப் பின்னும்போது கண்ணிகள் மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். அதனால் தலையில் எண்ணி வைத்த நடுப்புள்ளியும் வயிற்றில் எண்ணி வைத்த நடுப்புள்ளியும் நேர்கோட்டில் இருக்காது. முகத்தை முடிவு செய்தபின் வயிறு, கை, காது எல்லாவற்றையும் முகத்தின் நேருக்குக் கண்ணால் பார்த்தே வையுங்கள். எண்ணிக்கையை இங்கே நம்ப வேண்டாம்.

இடம் பிடித்துவிட்டால் தற்காலிகப் பஞ்சை எடுத்து, உள்ளே வாஷரை அழுத்துங்கள். வெள்ளை வட்டின் விளிம்பை வெள்ளை நூலாலேயே நாலு தையல் போட்டுப் பிடியுங்கள். மூக்கு கறுப்பு நூலில், இரண்டு கண்ணுக்கும் நடுவே, சின்னதாக, அகலவாட்டில். மூக்குக்கு இரு பக்கமும் மூன்று மூன்று மீசை. வாய் வேண்டுமா என்று கேட்பீர்கள். அந்தப் பெரிய சிரிப்பைச் சின்னப் பொம்மையில் நூலால் கொண்டுவருவது கடினம்; வாய் இல்லாமல் விட்டால் பார்க்கிற குழந்தை தானே ஒரு வாயை வைத்துக்கொள்ளும். நான் வைப்பதில்லை.

பஞ்சு, பிறகு தையல்

22-ஆம் சுற்றைத் தொடர்ந்து 24-ஆம் சுற்று வரை பின்னிவிட்டுப் பஞ்சு அடையுங்கள். கைப்பிடியாக எடுத்துத் திணித்தால் மேடு பள்ளமாகும். பிய்த்துப் பிய்த்துப் பூவாக்கி, முதலில் ஓரங்களை நிரப்பி, கடைசியில் நடுவை நிரப்புங்கள். கண்ணுக்குப் பின்னால் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள், வாஷர் முகத்தை உள்ளே இழுக்கும். அழுத்தினால் திரும்பி எழ வேண்டும். கண்ணிகள் விரிந்து பஞ்சு தெரிந்தால் அதிகம்.

உறுப்புகளைத் தைக்கும் முன் எல்லாவற்றையும் குண்டூசியால் குத்தி நிறுத்திப் பாருங்கள். காது உச்சியிலிருந்து 2-ஆம் சுற்றுக்கும் 4-ஆம் சுற்றுக்கும் இடையே. கை 11-ஆம் சுற்றில், வயிற்றைத் தொட்டும் தொடாமலும். வால் பின்பக்கம் அடிவிளிம்பை ஒட்டி. அது தரையில் பட்டால் பொம்மைக்கு மூன்றாவது கால் கிடைத்த மாதிரி, பின்னால் சாயாது. தைக்கும்போது உறுப்பின் கண்ணி ஒன்று, உடம்பின் கண்ணி ஒன்று என்று மாறி மாறி எடுங்கள். முடித்ததும் குண்டூசிகளை எண்ணி எடுத்துவையுங்கள். பஞ்சுக்குள் புதைந்த ஒரு குண்டூசி போதும், குழந்தையின் கை கிழியும்.

படத்தில் டோட்டோரோ மூன்று பேர்: பெரியது சாம்பல், நடுவானது நீலம், சின்னது வெள்ளை. இதே குறிப்பில் 30 கண்ணியோடு கூட்டலை நிறுத்திப் பின்னினால் நடுவானது, 24-உடன் நிறுத்தினால் சின்னது. கொடாமா செய்கிறவர்கள் கண்ணை வேண்டுமென்றே ஒன்று பெரிதாக, ஒன்று சின்னதாக, மட்டம் தவறி வைக்க வேண்டும். அங்கே மட்டம் பார்த்தால் முகம் செத்துவிடும்.

துவைத்தல்

குளிர்ந்த நீரில் கொஞ்சம் சோப்பு கரைத்து அமுக்கி எடுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள், துண்டில் சுருட்டி அழுத்தி, ஃபேன் காற்றில் நிழலில் காயவையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் துவைக்காமல் இருப்பது நல்லது. வெளியே காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே பஞ்சு ஈரமாகவே கிடந்து நாறும்.

விற்பதென்றால்

வீட்டுப் பிள்ளைக்குப் பின்னித் தருவது வேறு, புதுச்சேரியில் மகாத்மா காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பரப்பி விற்பது வேறு. நம் பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்துக்கு, வெளிவந்த அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு உரிமை உண்டு. 1988-ஆம் ஆண்டுப் படத்தின் உரிமை இன்னும் பல ஆண்டு நடப்பில் இருக்கும். டோட்டோரோவைக் காசுக்கு விற்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அந்தப் படங்களிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று இருக்கிறது: மரத்துக்கும் கரிக்கும் காட்டுக்கும் ஒரு முகம் கொடுக்கிற பார்வை. நம் ஊரிலும் முகம் கிடைக்காத பொருள்கள் ஏராளம். கடலூர், புதுச்சேரிச் சாலையோரத்தில் கோடையில் குவித்து வைத்திருக்கும் பனங்காயை எடுத்துக்கொள்ளுங்கள். சீவினால் மூன்று நுங்குக் கண். கண்ணோடே பிறந்த பூதம் அது.

பனங்காய்ப் பூதத்துக்கு உடம்பு கரும்பழுப்பு நூலில்: 6, 12, 18, 24, 30, 36, ஆறு சுற்று 36, பிறகு 30, 24, 18, பஞ்சு, 12, 6. மூடியபின் நீள ஊசியில் நூல் கோத்து அடியிலிருந்து உச்சிக்கும், உச்சியிலிருந்து அடிக்கும் விட்டு இழுத்தால் இரண்டு முனையும் சற்று அமுங்கி, காயின் சப்பை உருவம் வரும்.

மேலே தொப்பி, பச்சை கலந்த பழுப்பில்: 6, 12, 18. பிறகு ஓர் இதழுக்கு மூன்று கண்ணி: முதல் கண்ணியில் ஸ்லிப், இரண்டாவதில் 3 டபுள், மூன்றாவதில் ஸ்லிப். சுற்றி வந்தால் 6 இதழ். டபுள் தெரியாதவர்களுக்கு: ஊசியில் முதலில் நூலைச் சுற்றிக்கொண்டு கண்ணிக்குள் விட்டு இழுத்தால் மூன்று வளையம் நிற்கும், இரண்டு இரண்டாக, இரண்டு முறை இழுத்து முடியுங்கள். இதழ் நுனிகளைத் தைக்காமல் விடுங்கள், தூக்கிக்கொண்டு நிற்கட்டும்.

கண் மூன்றும் வெள்ளையில் 6, 12 என்று இரண்டு சுற்று வட்டு. இரண்டு கீழே, ஒன்று மேலே நடுவில், முக்கோணமாக, ஒன்றை ஒன்று கிட்டத்தட்டத் தொடும்படி. கீழ்க்கண் இரண்டிலும் கறுப்பு நூலால் கண்மணி தைத்து, இரண்டையும் ஒரே பக்கம் பார்க்க வையுங்கள். மேல்கண் தூங்குகிற கண். உடம்பின் கரும்பழுப்பிலேயே மேஜிக் ரிங்கில் 4 சிங்கிள் போட்டு, அடுத்த வரிசையில் திருப்பி ஒவ்வொன்றிலும் இன்க்ரீஸ் செய்தால் அரைவட்டம் கிடைக்கும். அதை இமையாக மேல்பாதியை மூடித் தையுங்கள். இமையின் நேர் விளிம்பை மட்டும் தைக்காமல் விட்டால், குழந்தை விரலால் தூக்கிப் பார்க்கும். அதற்காக இமைக்குக் கீழேயும் ஒரு கறுப்புக் கண்மணியைத் தைத்துவைத்துவிடுங்கள்.